பத்தொன்பது பேரின் தாகம்

கீழ்வேளூருக்குத் தெற்கே உள்ள அந்த மாதா கோயில் பங்கு ஊரில், தவக்காலத்துக்காக யார் எதை விட்டாலும் அது அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பி, ஒன்றையும் விடாத வீடு எதுவோ அங்கே போய் நாற்பது நாள் தங்கிவிட்டு வரும். இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் கோயில் பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்புவார்கள். கறி, சீரியல், செல்போன் என்று விடப்போவதை எழுதி அட்டைப்பெட்டியில் போட வேண்டும். தலைமையாசிரியை சிஸ்டர் அமலோற்பவம் அவற்றைப் போன வருடத்துக் குருத்தோலைகளோடு சேர்த்துக் கொளுத்துவார். அந்தச் சாம்பல் நெற்றிக்கு ஏறிய மறுநாளே விட்டவை நடக்க ஆரம்பித்துவிடும்.

போன வருடம் வெறும் சீட்டைப் போட்டவள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கும் இருதயம்மாள். ஊர் விட்ட பிரியாணி வாசனை வந்து அவள் கொடிச் சேலைக்குள் புகுந்தது. சீரியல் அழுகை அடுப்புக்குப் பின்னால் குந்திக்கொண்டு அழுதது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். கடைசியாகப் பதினேழு ஆண்களின் குடித்தாகம் வாய்க்கால் கரையோடு வரிசையாக வந்து, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் சவரிராஜைச் சுற்றி உட்கார்ந்தது. தன்னுடையதோடு சேர்த்துப் பதினெட்டுப் பேருக்கும் அவனே குடித்தான். பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, மூன்று நாள் இருக்கையில் மூட்டையோடு லாரிப் பலகையிலிருந்து விழுந்தான். இடுப்பு போனது. நான்கு மாதம் படுக்கை. எழுந்தவன் அப்புறம் தொடவில்லை. இந்த வருடமும் வெறும் சீட்டு போட்டால் பிணமாகத்தான் தூக்க வேண்டும் என்று இருதயம்மாளுக்குத் தெரியும்.

“குடின்னு எழுதிடேன்,” என்றான் சவரிராஜ்.

“விட்டதையே மறுபடி எப்படிய்யா விடறது? பெட்டி ஏத்துக்காது.”

கறி கிறிஸ்துமஸுக்கும் பாஸ்காவுக்கும்தான். டிவி புயலில் போனது. சிஸ்டரிடமே போய்க் கேட்டாள்.

“தூக்கத்தக் கொஞ்சம் விடேன், இருதயம்மா.”

“நாலு மணிக்கு எந்திரிக்கிறேன் சிஸ்டர். இன்னும் விடணும்னா உசுரத்தான் விடணும்.”

“அப்ப அந்த வாயை விடு. ஊராவது தூங்கும்.”

சிஸ்டர் கேலியாகத்தான் சொன்னார். இவள் அதை நிஜமாகவே யோசித்தாள். அந்த வாய் இல்லாமல் ரேஷன் கடையில் பாமாயில் வாங்க முடியுமா? ஒயின்ஷாப் திருப்பத்தில் மெதுவாக நடக்கும் புருஷனை இழுத்து வர முடியுமா? கடைசி நாள்வரை சீட்டை மடியிலேயே வைத்திருந்தவள், ‘திட்டு’ என்று எழுதிப் பெட்டியில் போட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள். இந்தத் தடவை பத்தொன்பது தாகங்கள். படலருகே நின்று மோப்பம் பிடித்தன. உள்ளே சவரிராஜ் பாயை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரட்ட ஒரு வார்த்தை அவளுக்கு வாயில் வரவில்லை. ஆனால் அவை திரும்பிக் கன்னியர் மடத்தைப் பார்த்து நடந்தன. துறவிக்கு விட என்ன மிச்சம் என்ற நினைப்பில், ஊருக்கெல்லாம் சீட்டு கொடுத்த சிஸ்டர் மடத்துக்கு ஒன்று எழுதாமல் இருந்துவிட்டார்.

இருதயம்மாளின் திட்டும் அங்கேதான் போயிருந்தது. காலை வழிபாட்டில் மைக்கைப் பிடித்து, “அன்பு மாணவர்களே” என்று தொடங்கியவர் வாயிலிருந்து, “கட்டையில போறவனுங்களா, நேரா நில்லுங்கடா!” என்று வந்தது. பிள்ளைகள் நின்றார்கள். மடத்துச் சுவரோரம் அலம்பல் பண்ணிக்கொண்டிருந்த பத்தொன்பது தாகங்களும் நின்றன. சிஸ்டர் அதைக் கவனித்துக்கொண்டார். பள்ளிக் கழிவறையை இரண்டு வருடமாக இழுத்தடித்த காண்ட்ராக்டருக்கு அன்றே போன் போட்டார்.

அன்று மாலை சவரிராஜ் சேற்றுக்காலோடு வீட்டுக்குள் வந்து, வசவுக்காகக் காத்து நின்றான். வரவில்லை. “ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டுத் தானே போய்க் கால் கழுவினான். ஒயின்ஷாப் திருப்பத்திலும் அவள் தினம் வந்து சும்மா நின்றாள். திட்டாமல் நிற்பவளைத் தாண்டிப் போவது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பாஸ்கா காலையில் விட்டவை எல்லாம் வீடு திரும்பின. கழிவறைக்குக் கதவு மாட்டும்வரை திட்டை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று சிஸ்டர் கேட்டனுப்பினார். மே மாதம் கொடுத்தால் போதும் என்றாள் இருதயம்மாள். வாய்க்கால் கரையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சவரிராஜ், தாகங்கள் வருவதைப் பார்த்துக் காலை மடக்கி வழிவிட்டான். கடைசியாக வந்தது மட்டும் நின்று அவன் முகத்தைப் பார்த்தது.

“ஒன்ன விட்ட கிளாட்சன் வீடு அந்தப் பக்கம்,” என்று பிரஷ்ஷால் காட்டிவிட்டு வாயைக் கொப்பளித்தான்.