ஈரலில் கொழுப்பு

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் டாக்டர், அங்கே வேலை பார்த்த மாத்ருபூதத்தின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "ஈரல் வீங்கியிருக்கு" என்று சொன்னதிலிருந்து, அவர் மனைவி அமிர்தத்துக்குத் தூக்கம் போயிற்று. ஈரல் வீங்கினால் குடி. அதற்கு மேல் அவளுக்குக் கணக்கு கிடையாது. அவளுடைய அப்பா அப்படித்தான் வயிறு ஊதிப் போய்ச் சேர்ந்தார். மதுவிலக்கு வந்தால் என்ன, கொள்ளிடக்கரையில் சாராயத்துக்கா பஞ்சம்?

"ஏங்க, குடிக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்டாள்.

"இல்ல" என்றார்.

அவள் நம்பவில்லை. எந்தத் திருடன் தன்னைத் திருடன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான்? வேலை முடிந்து வருபவரை வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். அக்கம்பக்கம் சிரிக்க, அந்தப் பெரிய சரீரம் வாயைத் திறந்து ஊதும். வெற்றிலை வாசனைதான் வந்தது. சாராய நாற்றத்தை மறைக்கத்தான் வெற்றிலை என்று முடிவு கட்டினாள். பிடிவாதத்தில் அமிர்தத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசியால் ஈரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் அடைக்கலராஜ் இருவரையும் உட்கார வைத்தார்.

"ஈரல் பூரா கொழுப்பும்மா. சர்க்கரையும் இருக்கு. சாப்பிடறதைச் சேத்து வைன்னு உடம்புக்குச் சொல்றது இன்சுலின்னு ஒரு சுரப்பு. ஆள் பெருக்கப் பெருக்க, உடம்பு அது பேச்சைச் சரியாக் கேக்காது. அது இன்னும் அதிகமாச் சுரக்கும். தொப்பையில இடம் பத்தாம கொழுப்பு ஈரல்ல போய் உக்காந்துக்கும். சோத்தைக் குறைங்க, தினமும் நடக்க விடுங்க. சரியாயிடும்."

"அப்ப குடி இல்லீங்களா?"

"இல்லம்மா."

அமிர்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது. சமயபுரத்தாளைக் கும்பிட்டுக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பி, பல நாளைக்குப் பிறகு வாய் நிறையச் சிரித்தாள்.

"நல்லவேளை டாக்டர், டெஸ்ட்டு பண்ணிக் கண்டுபிடிச்சீங்க."

"டெஸ்ட்டுல அது தெரியாதும்மா. குடிக்கிறவங்க ஈரலும் பாக்க இப்படித்தான் இருக்கும்."

"பின்ன எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"அவரைக் கேட்டேன். குடிக்கிறதில்லைன்னார்."

இதே கேள்வியை அமிர்தமும் கேட்டிருந்தாள். இதே பதிலைத்தான் அவர் அவளிடமும் சொல்லியிருந்தார். வெட்கத்தில் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மாத்ருபூதம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வா, போலாம்" என்றார்.