அடுப்பு ஒன்று, குடும்பம் ஒன்று

மாமனார் பின்னறை ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டபோது, மருமகளின் ஊசி அவள் மகளின் பள்ளிச் சீருடையைத் தவறவிட்டு விரலில் இறங்கியது.

"இருட்டவே இல்ல, அதுக்குள்ள லைட்டா?" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே அவர் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது.

மகன் செத்த மறுவாரமே பின்னறைக்கு மட்டும் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. தாலியறுத்தவள் அறைக்கு வெளிச்சம் எதற்கு என்பது அவருடைய நியாயம். ஆனால் தையல் கடையில் அவள் வாங்கும் கூலி மட்டும் அவருக்குக் கசக்கவில்லை. சம்பள நாளன்று வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். வெட்கங்கெட்ட கை.

அந்த நேரத்தில்தான் அரசாங்கத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பெண் வந்தாள். மருமகள் ஊசியை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விளக்குக்கும் அடுப்புக்கும் போகிற வீடுகளுக்குக் கேஸ் அடுப்பு இலவசம் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அது வந்தால் மகளின் இருமல் நிற்கும்.

"வீட்டு வருமானம் எவ்வளவுங்க?"

மாமனார் தன் பென்ஷனோடு மருமகளின் கூலியையும் சேர்த்துச் சொன்னார்.

"கரண்டு பில்லு?"

"ஒண்ணுமே வராதும்மா. இலவச யூனிட்டுக்குள்ளயே அடக்கிடுவேன். வீண் செலவு நமக்கு ஆகாது."

"அடுப்புக்கு?"

"சல்லிக் காசு கிடையாது! தையல் கடைக் கழிசல் துணிய இவ மூட்டையா தூக்கிட்டு வந்துடுவா. அதுதான் எரியுது."

அது எரிந்துகொண்டுதான் இருந்தது. நைலான் கருகும் நாற்றம் வீடெங்கும் பரவ, கணக்கெடுப்பவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்புச் செலவுக்குச் சைபர் போட்டாள். உள்ளே மகள் இருமினாள்.

"உங்களுக்குச் சலுகை வராதுங்க. வருமானத்துல கொஞ்சங்கூட இதுக்குப் போகல. கணக்குப்படி இங்க பற்றாக்குறையே இல்ல."

"அடடா, முன்னாடியே சொல்லக்கூடாதா? கூட்டிச் சொல்லியிருப்பேனே!" என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டார்.

மருமகள் படிவத்தை எட்டிப் பார்த்தாள். அவள் உழைப்பு இந்த வீட்டை வசதியான வீடாக்கியது, அவள் இருட்டு இதைச் சிக்கனமான வீடாக்கியது, அவள் மகளின் நெஞ்சில் படியும் கரிக்கு ஒரு கட்டமும் இல்லை.

"இருட்டுல கெடக்கறத எதுல எழுதுவீங்க?" என்று கேட்டாள்.

"அதுக்குக் கேள்வி இல்லக்கா."

"என் கூலிய அவரு கணக்குலேர்ந்து எடுத்துடுங்க. என்னையும் எம் பொண்ணையும் தனியா எழுதுங்க."

"முடியாதுக்கா. ஒரே அடுப்புல சாப்பிடறவங்க எல்லாரும் ஒரே குடும்பம்."

அவ்வளவுதானா? எல்லோரும் தின்றபின் சட்டியை வழித்துத் தின்பவளும் அந்த ஒரே அடுப்புக்காரிதானாம். மருமகள் எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் கொட்டினாள். சொய்யென்று அது அணைந்தது. கொல்லைச் சுவரோரம் கிடந்த மூன்று செங்கற்களை அள்ளிவந்து பின்னறை வாசலில் வைத்தாள்.

"இதான் எங்க அடுப்பு. இப்ப எழுதுங்க."

மாமனார் பதறி எழுந்தார். பேத்தி எங்கே போவாள், மருமகள் என்ன ஆவாள் என்பதெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப ராத்திரிக்கு எனக்கு யாரு சமைக்கறது?"

கணக்கெடுப்பவள் செங்கற்களைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், பிறகு புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள்.

"குடும்பத் தலைவர் யாருக்கா?"

"நான்தான்" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு மாமனார் பக்கம் திரும்பி, ஃபியூஸுக்காகக் கையை நீட்டினாள்.