மதிய ஷிஃப்டுக்கு வரும் காற்று

1

இந்தக் கதை முழுக்க என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே போனில் சொன்னார்: "அந்தம்மா உக்காந்தாலே கம்ப்ரசருக்கு விக்கல் எடுக்குதுப்பா. கை ராசி அப்படி." அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவர் வாய் நிறையப் பஞ்சோடு வந்தார். மேற்கொண்டு எதையும் கேட்க வழியில்லை. ஆகவே மீதியை நானே உண்டாக்க வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: 'ராட்சசனைப்போல் உறுமிய அந்த இயந்திரம் அவளையே முறைத்துப்…'

வேண்டாம். இயந்திரத்துக்கு யார் மேலும் காழ்ப்பில்லை.

இரண்டாவது: 'அன்றும் கணவன் குடித்துவிட்டு…'

இதையும் அடித்தேன். பாவம், அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன், குடிப்பதில்லை. ஒரு கஷ்டம் என்றதும், அகப்பட்ட ஆள் மேல் பழியைப் போடத்தான் என் கையும் ஓடுகிறது.

மூன்றாவது இருக்கட்டும்:

அந்த நெசவு ஆலையின் கம்ப்ரசர் அறையில், பேனலுக்கு முன்னால் இருக்கும் நாற்காலி மதிய ஷிஃப்டில் அவளுடையது. கம்ப்ரசர் வெளிக்காற்றை உறிஞ்சி, வேகமாய்ச் சுழலும் சக்கரத்தால் வீசி அழுத்தி, குழாய் வழியே தறிகளுக்கு அனுப்பும். அங்கே நூலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊதிவிடுவது அந்தக் காற்றுதான். காற்று குறைந்தால் தறி நிற்கும். தறி நின்றால் போன் வரும். போன் வருவது எப்போதும் அவள் ஷிஃப்டில்.*

(* எல்லா ஆலையிலும் ஷிஃப்ட் மாறி மாறி வருமே என்பீர்கள். வரும். ஆனால் இங்கே மாறினால் என் கதை இந்த வரியிலேயே முடிந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

இனிக் கொஞ்சம் விளக்கம். பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். போனால் நீங்களும் அவளைத்தான் குறை சொல்வீர்கள்.

சக்கரம் அள்ளுகிற காற்றின் கன அளவு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். ஆனால் வெயிலில் காய்ந்த காற்று நீர்த்துப் போயிருக்கும்: அளக்கும் படி அதேதான், உள்ளே சரக்கு குறைவு. வடிகட்டியில் பஞ்சுத்தூசி அடைத்திருந்தால் இன்னும் மோசம். அதே வேகத்தில் சுற்றியும் சக்கரத்தால் பழைய அழுத்தத்துக்கு ஏற்ற முடியாது. எதிரே குழாயோ அழுத்தத்தை விட்டுக்கொடுக்காது. திணறல் எல்லை மீறினால், அனுப்பிய காற்றே திரும்பி வந்து மோதும். அதைத்தான் விக்கல் என்கிறார்கள். விக்க விட்டால் மெஷினின் உயிருக்கே உலை. அதனால் முன்கூட்டியே பைபாஸ் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை வெளியே விட வேண்டும். அவள் விட்டாள். மெஷின் பிழைத்தது, நாலைந்து தறிகள் நின்றன.

இரவில் வருபவனுக்குக் குளிர்ந்த, அடர்ந்த காற்று. வாய் ஓயாது என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

4

ஷிஃப்ட் மாறும்போது அவன் சொன்னான்: "அக்கா, நான் கால் மேல கால் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு விக்கல் கிடையாது. நீங்க அத ரொம்ப மெரட்டுறீங்க போல."

"மதியம் காத்து சூடா வருது தம்பி."

"இது யாரு ஷிஃப்ட்டுன்னு காத்துக்கு என்னக்கா தெரியும்?"

"அதத்தானே நானும் சொல்றேன்."

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். "ஸ்டோர்ல ஒரு இடம் காலியா இருக்கும்மா. டென்ஷன் இல்லாத வேலை."

"அதுக்கு முன்னாடி ரேடியோவ ஒரு மதியம் உக்கார வெச்சுப் பாருங்க சார்."

"சரி, வியாழக்கிழமை. அவன்கிட்டயும் தறி நின்னா நீங்களே இருங்க. நிக்கலைன்னா ஸ்டோர்."

"உள்ள போற காத்து எவ்ளோ சூடுன்னும் சேர்த்துப் பாருங்க சார்."

"முதல்ல தறி நிக்குதான்னு பாப்போம்மா."

வீட்டில் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். "ஸ்டோர்ல என்ன கொறை? சாயங்காலம் வீட்ல இருப்ப. சேர்ந்து சாப்பிடலாம்."

"நட்டு போல்ட்ட எண்ணச் சொல்றீங்க."

"எண்ணுறது கேவலமா? நான் தெனமும் பிள்ளைங்கள எண்ணித்தான் வேன்ல ஏத்துறேன்."

சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "நானா எந்திரிச்சு வந்தா பரவால்லங்க. கை சரியில்லைன்னு எழுப்பி விட்டா, அப்புறம் எங்க உக்காந்தாலும் அதே கைதானே?"

அவன் மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தான். "வியாழக்கிழமை மழைன்னு சொல்றாங்க," என்றான்.

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கதைக்குள் வானிலை என் பொறுப்பு.

மழை பெய்ய வைத்தேன். மெஷினுக்குள் குளிர்ந்த காற்று போயிற்று, ஒரு தறியும் நிற்கவில்லை. அவள் ஸ்டோருக்குப் போனாள். கோளாறு அவள் கையில்தான் என்பதற்கு, பார்க்க நிரூபணம் மாதிரியே இருந்தது. அடித்தேன்.

வெயிலைக் கொளுத்தினேன். மெஷின் விக்கியது, ரேடியோ வெலவெலத்தான், மேலாளர் தலையைத் தொங்கப்போட்டார். எனக்கே கூச்சமாயிற்று. அவள் பக்கத்து நியாயம் நான் ஏற்றிவிட்ட சூட்டை நம்பியா இருக்கிறது?

மூன்றாவதாக, 'மேலாளர் தாமே மாடியேறி, காற்று நுழையும் இடத்து வெப்பமானியைப் பார்த்து…' அவர் அப்படிப்பட்டவராக இருந்திருந்தால் கதையே வந்திராது.

6

வியாழன் மதியம். அவளுக்கு அன்று வேலையில்லை. ஆனாலும் வந்து அறை வாசலில் நின்றாள். பேனல் முன்னால் ரேடியோ உட்கார்ந்திருந்தான். மேகம் பாதி வானத்துக்கு வந்திருந்தது.

"மழை பேஞ்சா என்னக்கா பண்ணுவீங்க?"

"நான் ஒண்ணும் பண்ண முடியாது. மழை பேயறப்ப உக்காந்தேன்னு நீ சார்கிட்ட சொல்லு. அது போதும்."

அவன் பேனல் பக்கம் திரும்பி முள்ளைப் பார்த்தான்.

நான் இங்கே பேனாவை வைத்துவிடுகிறேன். நீங்கள் இதைப் படிக்கும் இடத்தில் சன்னலுக்கு வெளியே வெயிலோ மேகமோ, எது இருக்கிறதோ அதை எடுத்து அந்த ஆலையின் மேல் வையுங்கள். வெயிலென்றால் நாற்காலி அவளுக்கு. மழையென்றால், ரேடியோ மேலாளரிடம் என்ன சொல்கிறான் என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டியிருக்கும்.