தலைவருக்கு விழுந்த பதினேழாம் பாடு

இந்த வருஷம் மாநாட்டுக்கு மண்டபம் பிடிக்கவே சங்கத்தில் காசு இல்லை. பிறகு சாப்பாட்டுப் பேச்சு ஏது?

"விட்டுடலாம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் ஆசிரியர் சங்கத் தலைவர் தருமலிங்கம்.

செயலாளர் அர்ச்சனாவுக்கு மனசு கேட்கவில்லை. ஏரிக்கரைக் குப்பங்களில் ஒற்றை ஆளாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் இன்னொரு வாத்தியாரோடு மனம்விட்டுப் பேசுவார்கள். அதையும் விட்டால்?

"போன்லயே வீடியோ போட்டு நடத்திடலாம் சார்" என்றாள்.

ஒத்திகை பார்த்தார்கள். இருபது பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். நடுவில் யார் வீட்டுக் குக்கரோ விசில் அடித்தது.

"இது மாநாடா, மீன் ஏலமா? இப்படியே இருந்தா ஞாயித்துக்கிழம நான் கூட்டத்தத் தொறக்கவே மாட்டேன்" என்றார் தலைவர். கூட்டம் அவர் போனிலிருந்துதான் திறந்தாக வேண்டும்.

அர்ச்சனா மீனவர் வீட்டுப் பெண். ஏரியில் இறால் நிறைய விழும் இடம் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கும். யார் பெயர் என்றைக்கு வருகிறதோ, அன்றைக்கு அந்த இடம் அவர் பாடு, அதாவது அவர் முறை. மற்றவர்கள் வலை இறக்கக் கூடாது. ஊர்ப் பெரியவருக்கும் அதே சட்டம்தான். பேச்சுக்கும் அதையே வைத்தால் என்ன?

மறுநாள் எல்லோரும் பார்க்க, சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினாள். ஆளுக்கு எட்டு நிமிஷம். முதல் பாடு பெலிக்ஸுக்கு, தலைவருக்குப் பதினேழாவது.

"இன்னாம்மா இது? எப்பவும் தலைவர் பேச்சுதான மொதல்ல?" என்றார் தருமலிங்கம்.

அர்ச்சனா சீட்டை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். ஒருவருக்கு மாற்றினால் சீட்டை யார் மதிப்பார்கள்? "எங்க ஊர்ல சீட்டு விழுந்தா விழுந்ததுதான் சார்."

அவர் முகம் திரையிலிருந்து பட்டென்று மறைந்தது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த அப்பா தேவேந்திரன் திரும்பிப் பார்த்தார். "பெரிய மனுஷன மொறச்சிக்கினியா?"

"நான் இல்ல நைனா, சீட்டுதான் மொறச்சிக்கிச்சி."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை ஆனது. கூட்டம் திறக்கவில்லை. பத்து நிமிஷம் அவளுக்குப் பத்து நாளாகப் போயிற்று. பிறகு திறந்தது. ஆனால் தலைவர் முகம் தெரியவில்லை, பெயர் மட்டும் கறுப்புக் கட்டத்தில் நின்றது.

சுண்ணாம்புக்குளம் பக்கத்து வாத்தியார் பெலிக்ஸ் பேசினார். மண்டபத்தில் அவர் முறை வருவதற்குள் கடைசி பஸ் கிளம்பிவிடும். அதனால் இதுவரை பேசியதே இல்லை. அம்மாவோடு தண்ணீரில் கையால் துழாவி இறால் தடவப் போய், ஈரப் பாவாடையோடு பதினொரு மணிக்கு வரும் பிள்ளைகளைத் திட்டாமல், அவர்களுக்கென்று இரண்டாவது மணி அடிக்கிறாராம். அவர்களுக்குக் கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று ஆரம்பித்தார். நேரம் முடிந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டார். குறுக்கே ஒரு குரலும் வரவில்லை.

பதினாறு பேர் முடித்தார்கள். பதினேழு. கறுப்புக் கட்டம். "சார், உங்க பாடு." இன்னொரு தரம் கூப்பிட்டாள். அடுத்தவரை அழைக்க வாயெடுத்தபோது தலைவர் முகம் வந்தது. தோளில் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

"மைக்கப் போடுங்க சார்!" என்று பத்துப் பேர் சிரித்தார்கள்.

"காலைலேர்ந்து இங்கதாம்மா குந்தினுகிறேன், எல்லாத்தையும் கேட்டுக்கினு" என்றார். "அந்தக் கணக்குப் பாடத்த பெலிக்ஸ் பாதில வுட்டுட்டாரே. என் பாட்ட அவருக்குக் குடுத்துடு. அதுக்கு உங்க ஊர் சட்டத்துல எடம் கீதா?"

"தாராளமா குடுக்கலாம் சார்." அர்ச்சனா கடிகாரத்தில் மறுபடி எட்டு நிமிஷம் வைத்தாள்.

பெலிக்ஸ் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "அந்தப் பிள்ளைங்க நண்டுக் கூடைய எடைபோட்டுத்தான் கழித்தல் கத்துக்கிச்சிங்க…"