ராட்டு வரிசையில் கடைசி இரண்டு பேர்

...இல்லை, அரை மணிக்கூர் என்று போட்டது தப்பு, ஏறுகிற நேரத்தை எண்ணினேன், இறங்குகிற நேரத்தை விட்டுவிட்டேன், ராட்டினத்தின் ஆறு தொட்டிலையும் ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, கம்பியை எடுத்து, உள்ளே இருப்பவர்களை இறக்கி, எல்லாரும் இறங்கிய பிறகே புது ஆட்களை ஏற்றி, மறுபடி கம்பியைப் போட்டு, அதற்குப் பிறகல்லவா சுற்று, இரண்டு பேர் மரச்சட்டத்தில் தொற்றி ஏறி உடம்புக் கனத்தைக் கொடுத்து அழுத்த, இரண்டு பேர் கீழே நின்று தள்ள, ஏழோ எட்டோ சுற்று, எல்லாமாகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர், எனக்கு முன்னால் முப்பத்து நாலு தலை, அப்படியானால் மூன்றாவது நடையில் நான் மேலே போயாக வேண்டும். நாலு மணிக்கு நின்றால் நாலே முக்காலுக்குள் முடிந்துவிடும். ஆனால் ராபின்சன் சொல்லி அனுப்பியது நாலு மணிக்கும் விளக்கு வைப்பதற்கும் நடுவில் எப்போது தோதுப்படுகிறதோ அப்போது என்று. ராபின்சன் என் மனைவி சரோஜத்தின் தம்பி. ஆகஸ்டில், தமிழ்த் தாலூக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போன ஊர்வலத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு இரண்டு மாதமாகப் போலீஸ் அவனைத் தேடுகிறது. அதுவரை நான் இந்த வரிசையில் இருக்க வேண்டும், வரிசையின் முன்னால் போய்விடக் கூடாது, வரிசையை விட்டு வெளியேயும் போகக் கூடாது... ஒரு வரிசையில் முன்னேறாமல் நிற்பது எப்படி? இதை யாராவது எப்போதாவது யோசித்திருப்பார்களா?

இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவன்தான், மூளைக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. பாறசாலை முக்கில் ஐந்து ஆண்கள் சேர்ந்து நின்றால் போலீசின் இடிவண்டி வந்துவிடுகிறது, டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்ந்தால் எவனாவது வந்து பெயர் கேட்கிறான், தமிழ்த் தாலூக்கா என்று சத்தமாகச் சொன்னவனுக்குப் பல் இல்லை. ஆனால் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், பண்டிகை என்றால் ஏலம் உண்டு, ராட்டு உண்டு, ராட்டு என்றால் வரிசை உண்டு, முப்பது பேரும் நாற்பது பேரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நின்றால் அது கூட்டம் இல்லையாம், வரிசையாம். ஓர் ஆண்பிள்ளை எந்த வேலையும் செய்யாமல் ஒரு மணிக்கூர் சும்மா நிற்க இந்த நாட்டில் மிச்சம் இருக்கிற ஒரே இடம். ஏலத்துக்கு வைத்த முதல் வாழைக்குலையை உபதேசியார் தூக்கிப் பிடித்து ஒரு தரம், ரெண்டு தரம் என்று கத்துகிறார், எல்லார் கண்ணும் அங்கே, மைதானத்தின் வாசலில் நிற்கிற இரண்டு போலீஸ்காரர்களின் கண்ணும் அங்கே. என் கையில் குடை, கக்கத்தில் துணிப் பொதி. வேட்டி, சட்டை, ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கிய சல்ஃபா மாத்திரை, சரோஜம் அவித்து இலையில் பொதிந்த மரச்சீனிக் கிழங்கு, வறுத்த சாளை. மீன் வேண்டாம் என்றேன், மணம் காட்டிக் கொடுக்கும் என்றேன். கேட்டாளா? அவனுக்க வாய்க்கு ருசியா ஒண்ணு போயி ரெண்டு மாசம் ஆச்சு, கேட்டியளா, என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே அழுதாள். இந்தப் பொதியைக் கையில் கொடுத்துவிட்டால் அவன் இன்று இரவே ஒரு லாரியில் ஆரல்வாய்மொழி தாண்டிவிடுவான், அந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், இந்த ஊர்ப் போலீசின் கை எட்டாது. எட்டாது என்று சொல்கிறார்கள்.

முதல் ஆளை முன்னே விட்டது தானாக நடந்தது. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஒரு பெண் வந்தாள், வெயில், பிள்ளை சிணுங்கியது, நான் விலகினேன், பிள்ளை இருக்கவுங்க முன்னே போங்கம்மா, எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. அவள் கையிலிருந்த பொடியனின் தலையில் தட்டி, எலே, அண்ணாச்சிக்கு தோத்திரம் சொல்லு, என்றாள். அப்போதுதான் புரிந்தது, இதுதான் வழி, எங்கள் ஊர்களில் இது நடப்புதானே, பிள்ளைக்காரர்களைக் கடைசியில் நிறுத்த மாட்டார்கள், பஸ்ஸானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, கல்யாணப் பந்தியானாலும் சரி. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் விட்டேன். விஜயம்மா என்று யாரோ கூப்பிட்ட ஒருத்தியை, அவள் கூட்டி வந்த நாலு வாண்டுகளை, ஒரு கிழவரை, அவர் பேத்தியை. அந்தப் பேத்தி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்து, மாமாவுக்குப் பேடி ஆக்கும், ராட்டுல ஏற பேடி, என்று சிரித்தது. ஆமாம் மக்கா, பயம்தான், பேடிதான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராட்டுக்காரன் கருணாகரன் கம்பியைத் தட்டிக்கொண்டே இங்கே பார்த்துக் கத்தினான், ஓய் குடைக்காரரே, நீரு ஏறப்போறீரா, இல்ல வரிசைக்குக் காவல் நிக்கீரா? காவல் என்ற சொல்லை இவன் ஏன் இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும்?

பேடி என்றால் பேடிதான், அதில் என்ன பொய். ஊர்வலத்தன்று காலையில் ராபின்சன் வந்து வாசலில் நின்றான், அத்தான், வாறியளா? நான் கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தேன், காய்ச்சல் என்றேன். அவன் உள்ளே வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். வைத்துப் பார்த்துவிட்டுப் போர்வையை என் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டுப் போனான். திட்டியிருக்கலாம். எப்போதும் திட்டுகிறவன்தானே, எங்க அத்தான் மலையாளத்துல ஆதாரம் எழுதி தமிழ்ல ஜெபம் பண்ணுவாரு, ரெண்டு தேவனுக்கும் சந்தோஷம், என்று சபை வாசலில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தவன். ஆதார ஆபீசில் நிலப் பத்திரத்தை மலையாளத்தில் எழுதாமல் எந்த மொழியில் எழுதுவேன்? அதுதான் சோறு. அவனுக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, காலில் லத்தி அடி பட்டு, அடி புண்ணாகி, புண் சீழ் பிடித்து, பொழியூரில் யாரோ வள்ளக்காரர் வீட்டில் வலைக்குப் பின்னால் கிடந்தான், ஊருக்கெல்லாம் அவன் வீரன். எனக்கு? என் வீட்டுக் கதவை மூன்று தடவை தட்டினார்கள். மூன்றாம் தடவை சரோஜத்தின் கண் முன்னால் ஒருத்தன் என் கன்னத்தில்... அதை இப்போது யோசிக்க வேண்டாம். சபை மணி அடித்தது, ஐந்து. எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர். ஒரு மணிக்கூராக நிற்கிறேன், பாதிதான் நகர்ந்திருக்கிறேன், பரவாயில்லை. அவன் வராமல் இருந்தால்... லாரி வேறு வழியாகப் போயிருந்தால்... வராமலே இருந்துவிட்டால் இந்தச் சாளையை நானே தின்றுகொண்டு வீட்டுக்கு நடக்கலாம். சீ.

பின்னால் நின்ற ஆள் கப்பலண்டிப் பொட்டலத்தை, வறுத்த நிலக்கடலைதான், நீட்டினான். நாலரை மணிக்கே ஒரு தடவை நீட்டினான், அப்போது வேண்டாம் என்றேன், இப்போது இரண்டு எடுத்துக்கொண்டேன். எத்ர நேரமாயி நிக்குந்நு, என்று அவன் முதலில் கேட்டது மலையாளத்தில், நானும் மலையாளத்தில் பதில் சொன்னேன், நாக்கு தானாகத் திரும்பிக்கொள்கிறது, கேட்கிறவனின் மொழியில் பதில் சொல்லிப் பழகிய நாக்கு. பிறகு அவன் தமிழுக்கு வந்தான், நானும் வந்தேன். பேர் சோமன், காட்டாக்கடைப் பக்கம், தங்கச்சியைக் காரோட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறது. நான் என் பெயரைச் சொன்னேன், பொன்னுதாஸ், அதையும் சொன்னேன், ஆதார ஆபீசையும் சொன்னேன், ஏன் சொன்னேன்? பொதியில என்னவாக்கும் அண்ணாச்சி, நல்ல மணம்? வீட்டுக்காரிக்கு மருந்து என்றேன். மருந்துக்குச் சாளை மணமா, என்று சிரித்தான். வெளியூர்க்காரனாக இருந்தால் பேச்சை வைத்துப் பிடித்துவிடலாம். இங்கே யார் யாரை அப்படிப் பிடிப்பது? எல்லாருக்கும் இரண்டும் தெரியும், தமிழ்நாடு வேண்டும் என்று அடி வாங்கியவனும் வீட்டில் பாதி மலையாளம், அவனை அடித்தவனும் அம்மையைத் திட்டுவது தமிழில். காதுக்கு மேலே போலீஸ்காரனைப் போல ஒட்ட வெட்டிய முடி. சரி, உபதேசியாருக்கும் அப்படித்தான் முடி. கையில் பை இல்லை, குடை இல்லை, பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத ஆண் எதற்கு ராட்டு வரிசையில்... நானும் அப்படித்தானே நிற்கிறேன்.

அப்போது சுகிர்தபாய் வந்தாள், எங்கள் தெருக்காரி, இரண்டு பெண்பிள்ளைகளுடன் மூச்சு வாங்க வந்தாள், நான் விலகுவதற்கு முன்பே என் பின்னால் இருந்து குரல் வந்தது. பிள்ளை இருக்கவுங்க முன்னே போங்கம்மா. என் வாக்கியம், அதே வாக்கியம், அதே இழுவை. அவள் சிரித்துக்கொண்டு அவனைக் கடந்தாள், என்னைக் கடந்தாள். நான் திரும்பவில்லை. எண்ணிப் பார்த்தேன், ஆதாரத்தில் எல்லை எழுதுகிற மாதிரி, கிழக்கே யார், மேற்கே யார். நான் முன்னே விட்டவர்கள் எல்லாரும் எங்கிருந்து வந்தார்கள்? வரிசையின் கடைசியிலிருந்து. கடைசியிலிருந்து என்னிடம் வர வேண்டுமானால் முதலில் யாரைக் கடக்க வேண்டும்? நான் விட்ட ஒவ்வொரு ஆளையும் எனக்கு முன்பாக அவன் விட்டிருக்கிறான். கிழவரை, பேத்தியை, விஜயம்மாளின் நாலு வாண்டுகளை. அவன் வந்த நேரத்திலிருந்து எங்களுக்கு நடுவில் ஒரு ஆள்கூட நிற்கவில்லை. அவனுக்கும் ஏற வேண்டாம். ஏற வேண்டாம் என்று நிற்கிறவன் எதற்காக நிற்கிறான்? கப்பலண்டி வாயில் மாவாகி ஒட்டிக்கொண்டது.

இப்போது வெளியே போனால்? பின்னாலேயே வருவான். நின்றால்? ராபின்சன் நேராக வந்து என் தோளில் கை வைப்பான். வரவேண்டிய இடத்தைப் பேசினோம், நேரத்தைப் பேசினோம், நான் அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் பேசவே இல்லை, ஒரு ஆதாரத்தில் இப்படி ஒரு வரியை விட்டால் ரெஜிஸ்ட்ரார் முகத்தில் எறிவார். நான் வரிசையில் இல்லை என்று கண்டால் அவன் திரும்பிப் போய்விடுவான், நிச்சயம் போய்விடுவான், மூளைக்காரன் அல்லவா. இன்னொரு நடை ஏறி இறங்கியது, அடுத்ததை ஏற்றும்போது கருணாகரன் கத்தினான், ரெண்டு பேர் குறையுது, ரெண்டே ரெண்டு பேர், வேகம் வாருங்கோ! எனக்கு முன்னால் நின்றது மூன்று பேராக வந்த குடும்பம், பிரிய மாட்டோம் என்றார்கள். நான் குடையைத் தூக்கிக் காட்டினேன். அட, காவல் முடிஞ்சா ஓய், என்று அவன் கம்பியைத் தூக்கினான். நான் உட்கார்ந்தேன், பொதியை மடியில் வைத்தேன். பலகை அசைந்தது. பக்கத்தில் சோமன் உட்கார்ந்தான்.

ஏழு சுற்று. ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் வயிறு கீழேயே தங்கிவிட்டது. மைதானம் சரிந்து வந்தது, ஏலத்துக்குக் கட்டி வைத்த கோழிகள், வாசலில் இரண்டு காக்கித் தொப்பி, அதற்கு அப்பால் தென்னை, தென்னைக்கு அப்பால் நாளைக்கு எந்த ராஜ்யம் ஆகும் என்று யாருக்கும் நிச்சயமில்லாத வயல். சோமன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். போலீஸ்காரன் இப்படிப் பயப்படுவானா? ஏன் பயப்படக் கூடாது? பிறகு வேகம் குறைந்து, இறக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது தொட்டில் கீழே நிற்கும்போது நாங்கள் உச்சியில். அப்போது பார்த்தேன். மீசை இல்லை, யாருடைய சட்டையோ, தொளதொளவென்று. ஆனால் காலை இழுத்து நடக்கிற அந்த இழுப்பு ராபின்சனுடையது... வரிசையின் கடைசியில் வந்து நின்றான். என்னைத் தேடவில்லை. அத்தான் எப்போதும்போல நேரம் பிந்தி வருவார் என்று நின்றுவிட்டான். இடுப்பில் ஒரு பெண்குழந்தை, மூன்று வயது இருக்கும், பொழியூரில் அவனை வைத்திருந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும், சந்தேகம் வராமல் இருக்கத் தூக்கி வந்திருக்கிறான், எவ்வளவு மூளை. அவனுக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், விலகினார். அடுத்தவர் விலகினார். அவன் வேண்டாம் என்று தலையாட்டுவது தெரிந்தது, யாரும் கேட்கவில்லை, தோளைப் பிடித்து முன்னே தள்ளுகிறார்கள், போ மக்கா, பிள்ளை இருக்குல்லா, போ.

ஒரு குலுக்கல், நாங்கள் ஒரு தொட்டில் அளவு கீழே இறங்கினோம். சோமன் கண்ணைத் திறந்தான். நீங்க காத்து நின்ன ஆளு வந்தாச்சா அண்ணாச்சி, என்று கேட்டான், மெதுவாக, தமிழில். நான் யாரையும் காத்து நிக்கல, என்றேன். நானும் காத்து நிக்கல, என்று சொல்லி அவன் கீழே வரிசையைப் பார்த்தான், எல்லாரும் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தான், அல்லது அப்படி இல்லை, எனக்குத் தெரியவில்லை. ராபின்சன் இப்போது கம்பி அருகில் வந்துவிட்டான், முதல் ஆளாக, குழந்தை ராட்டைக் காட்டிக் கை கொட்டுகிறது. இன்னும் ஒரு தொட்டில் இறங்கினால் அடுத்தது நாங்கள், அவன் முகத்துக்கு நேராக, அத்தான் என்பான், சோமன் கேட்பான். கத்தலாம். இங்கிருந்து ஓடு என்று ஒரு வார்த்தை, எந்த மொழியிலும். நான் வாயைத் திறக்கவில்லை, ஜெபம் பண்ணினேன், கர்த்தாவே, கர்த்தாவே, என்று உதடு அசைந்தது, அவனைக் காப்பாற்றும் என்றுதான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அடுத்த தொட்டிலின் கம்பியை எடுக்கும் சத்தம் கேட்டது, அப்போதுதான் என் ஜெபம் எனக்கே காதில் விழுந்தது... நாங்கள் கீழே போய்ச் சேருவதற்கு முன்னால் வாசலில் நிற்கிற அந்த இரண்டு பேர் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றல்லவா நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.