இடி சிஸ்டருக்கு வந்த இடுப்பு வலி

அந்தப் பிரசவ வார்டில், வலியில் கிடக்கும் பெண்ணை யார் திட்டினாலும் அவளுடைய வலி திட்டியவருக்குப் போய்விடும். முதலில் மாட்டியவர் தலைமை நர்ஸ். இடி சிஸ்டர் என்று பெயர்; அவர் வாயைத் திறந்தால் எதிர்ச்சுவரிலிருந்து பல்லி விழும். ஒரு திங்கட்கிழமை, அலறிய பெண்ணைப் பார்த்து, "எதுக்கும்மா ஊரைக் கூட்டுற? உலகத்துல உனக்கு மட்டுந்தான் வலிக்குதா?" என்று அதட்டிய மறுநொடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டிலில் இருந்தவளோ சாவகாசமாகத் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். பெரிய டாக்டர் இதெல்லாம் வாயுக்கோளாறு என்றார். மறுநாள் அவரும் ஒருத்தியை வாயை மூடச் சொன்னார். வாயுக்கோளாறு சாயங்காலம் வரை நீடித்தது.

பட்டவர்களுக்குத்தானே தெரியும்! கட்டிலுக்குக் கட்டில் திரை வந்தது, குடிக்க வெந்நீர் வந்தது, நடக்க ஆசைப்பட்டவர்களை நடக்கவிட்டார்கள், பிறந்த குழந்தையைத் துடைத்து நேராக அம்மாவின் நெஞ்சில் போட்டார்கள். ஆயாவிலிருந்து டாக்டர் வரை தேனொழுகப் பேசினார்கள். பெண்களுக்குத்தான் ஏமாற்றம். "சிஸ்டர், ஒரே ஒரு தடவை திட்டுங்களேன், புண்ணியமாப் போகும்!" என்று கெஞ்சுவார்கள். இடி சிஸ்டர் "கண்ணு, தங்கம்" என்று நழுவிவிடுவார். பிள்ளை பெறாதவர் அவர். அந்த ஒரு தடவையே ஏழு ஜென்மத்துக்குப் போதும் என்றிருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு தையல்காரி வந்தாள். முந்தின நாளே பிடித்த வலி, முக்கத் தெம்பில்லை, கண் செருகிக்கொண்டே போனது. குழந்தையின் துடிப்பும் இறங்கியது. பெரிய டாக்டர் ஆபரேஷன் அறையில் வேறொருத்தியோடு இருந்தார். "முடியல சிஸ்டர், என்னை விட்டுடுங்க" என்றாள். இடி சிஸ்டர் பயந்தார், சந்தேகமே இல்லை. பயத்தோடேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்: "அடி சோம்பேறி! ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைச்சுக் குடுக்கத் தெரியுது, ஒரு பிள்ளையை வெளிய தள்ளத் தெரியலையா?" வலி வந்து அறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் திட்டினார். தையல்காரி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தாள், வெந்நீர் குடித்தாள், துடிப்பு ஏறியது, தெம்பாக முக்கினாள். பெண் குழந்தை. இடி சிஸ்டர்தான் தேம்பித் தேம்பி அழுதார்.

இப்போது அந்த வார்டில் புருஷன்மார்களையும் உள்ளே விடுகிறார்கள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்று, சிஸ்டர்களோடு முறை வைத்துத் திட்டுகிறார்கள். தையல்காரியின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அம்மா யாரென்று டீச்சர் கேட்டதற்கு, வீட்டில் ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா என்றாளாம். டீச்சரும் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாராம்.