குதிரைப் பாட்டுக்குப் பின்னால் ஒரு குரல்

மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் ஒரு மாடி அறையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். பழைய பாட்டுகளை வெட்டி, ஒட்டி, இழுத்து, நீட்டிப் புதுப் பாட்டாக்குவது அவன் தொழில். மாமனார் கணக்கில் அது தொழிலிலேயே சேர்த்தி இல்லை. "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். "மாடியில தையல் வேலை. அடுத்தவன் சட்டையைக் கிழிச்சு இவர் பை தைக்கிறாரு" என்பார். கேட்டவர் சிரிப்பார். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்துவைப்பான். வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளைக்கு வேறு என்ன போக்கிடம்?

மாமனார் ஒரு காலத்தில் நாடகங்களில் ராஜா வேஷம் கட்டியவர். அவர் மேடையை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகிறது. அவருக்குள் இருந்த ராஜா மட்டும் இறங்க மறுத்துவிட்டார். காபி ஆறிப்போனால் 'யாரங்கே' என்று கைதட்டாத குறை. அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அந்த வீட்டில் அவருக்குப் பெயர் ராஜபார்ட். அவருக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்று: மேடையில் ஒரு நாளும் ஒரு சொல்கூட மறந்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பேச்சு ஊறுகாய்க்கு முன்னால் வந்துவிடும். மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடினாலோ கேட்கவே வேண்டாம்.

"உன் தலைமேலதான் இருக்கு. மறதிக்கு ஒரு கோயில் கட்டினா உன்னைத்தான் உள்ள உட்கார வைக்கணும். என்னைப் பாரு!"

"ஆமாமா, நீங்க மறக்கவே மாட்டீங்க" என்று மாமியார் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொள்வார். அப்போது அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போகும். அதற்கு அர்த்தம் உண்டு என்று மாப்பிள்ளைக்கு அன்றுவரை தோன்றியதில்லை.

அவன் அப்போது ஒரு ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தான். பெயர் 'கலந்துகட்டி'. பெயருக்கு ஏற்ற சரக்குதான். ஒரு பழைய பேய்ப் படத்தின் கொலுசுச் சத்தத்துக்கு மேல் ஒரு தாலாட்டை ஏற்றியிருந்தான். கார் துரத்தல் காட்சியின் டிரம்பெட்டோடு நாடக வில்லனின் சிரிப்பை முடிச்சுப் போட்டிருந்தான். ஏதோ ஒரு நகைச்சுவை நடிகரின் தும்மல் அவன் கைக்கு வந்து தாளமாகிவிட்டது. எல்லாம் ஆட்டம் போடுகிற சமாச்சாரம். நடுவில் மட்டும் ஒரு ஓட்டை. ஆடிக் களைத்தவன் அப்படியே உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொள்ள ஒரு பாட்டு வேண்டும். அது இல்லாமல் ஆல்பத்தை எடுத்துக்கொள்வதாக இல்லை என்று கம்பெனிக்காரர்களும் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பாட்டு வீட்டிலேயே இருந்தது. மாமனாரின் குதிரைப் பாட்டு. போரில் தோற்ற ராஜா, செத்துக் கிடக்கும் தன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாடுவது. 'என்னைச் சுமந்தவனே, எழுந்திருக்க மாட்டாயோ' என்று தொடங்கும். அந்தக் காலத்து நாடகக் குழுவின் விளக்குக்காரர், பக்கத் திரையைத் தாங்குகிற கம்பத்தில் ஒரு மைக்கைக் கட்டி, ஒரு காட்சியை முழுசாக நாடாவில் பிடித்து வைத்திருந்தார்.

ராஜபார்ட் அனுமதி கொடுத்தார். ராஜாவுக்கே உரிய முறையில் ஒரு நிபந்தனையோடு. "முதல்ல எனக்குப் போட்டுக் காட்டணும். எனக்குப் பிடிக்கலேன்னா அது வாசலைத் தாண்டக் கூடாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கேக்கறேன்."

அன்றிரவு மனைவி தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்: "எங்கப்பா முகம் சுருங்குச்சு, அப்புறம் நீயும் உன் மெஷினும் வேற மாடி பாத்துக்க வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் பல் டாக்டர். பல்லைப் பிடுங்கும்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை பாட்டைக் கணினியில் ஏற்றி, ஆர்மோனியத்தை ஒரு பக்கமும் குரலை ஒரு பக்கமுமாகப் பிரித்தான். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சத்தம் கிடந்தது. தூசு என்று நினைத்து, சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டான். ஒரு பெண்ணின் கிசுகிசுப்பு. ராஜா ஒவ்வொரு அடியையும் பாடுவதற்கு முன்னால் அந்த அடியை அந்தக் குரல் எடுத்துக் கொடுத்தது. அதோடும் விடவில்லை. 'மூச்சு விடுங்க' என்றது. 'வயித்த உள்ள இழுங்க' என்றது. ஓரிடத்தில் 'இப்ப அழுங்க, இப்ப அழுங்க' என்று கெஞ்ச, ராஜாவும் சொன்ன பேச்சைக் கேட்டு அழுதார்.

மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். 'மூச்சு விடுங்க' என்பதை மட்டும் பிடித்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அதன்மேல் குதிரைப் பாட்டை வைத்தான். கை ரோமம் சிலிர்த்தது. ஆல்பத்தின் ஓட்டை அடைபட்டுவிட்டது. குரல் யாருடையது என்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. காலையில்தான் அதே குரல் மாடிப்படிக்குக் கீழே நின்று, "மாப்பிள்ளை, இட்லி ஆறுது" என்று கூப்பிட்டிருந்தது.

மாமனார் வெளியே போன நேரம் பார்த்து அவன் சமையலறைக்குப் போனான். மாமியார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். கத்தி நின்றது.

"ஐயோ! இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"பாட்டுக்குள்ளயே இருந்துச்சு அத்தை."

"அழிச்சிடுங்க. இப்பவே போய் அழிச்சிடுங்க." அவர் ஹெட்போனைக் கழற்றி, சூடான பாத்திரத்தைப் போல இரண்டு விரலால் பிடித்து நீட்டினார். "நான் அப்ப அந்தக் குழுவுல துணி தைக்கிற பொண்ணு. ஒரு நாள் அவரு மேடையில திருதிருன்னு முழிச்சாரு. திரைக்குப் பின்னாலிருந்து நான் எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம் தினம் முழிப்பாரு, தினம் குடுப்பேன். கடைசி வரைக்கும் நானில்லாம ஒரு வரி வராது அவருக்கு. அதைப் போய் ஊருக்குப் போட்டுக் காட்டுவீங்களா? அவரு மானம் இருக்கு அதுல."

"ஆனா அத்தை, நீங்களும்தானே இருக்கீங்க அதுல?"

"எனக்கு எங்கயும் இல்லாம இருந்து பழகிடுச்சு." மறுபடியும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். "எனக்கே ஒரு தடவை தோழி வேஷம் வந்துச்சு தெரியுமா? தனியா ஒரு பாட்டு வேற. வேணாம்னுட்டேன். அந்தக் காட்சியில அவரும் மேடையில நிப்பாரு. நானும் அங்க போயிட்டா அவருக்கு யாரு எடுத்துக் குடுக்கறது?"

கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டார்கள்.

அழித்துவிடுவதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுத்தான். மாடிக்குப் போய் உட்கார்ந்து, அசலைப் பத்திரமாக வேறொரு இடத்தில் வைத்துவிட்டு, பிரதியில் ஒவ்வொரு கிசுகிசுப்பாகத் தேடித் துடைத்தான். துடைக்கத் துடைக்கப் பாட்டு உயிரில்லாமல் போனது அவனுக்கு வேதனையாக இருந்தது. இரண்டாம் சரணத்துக்கு வந்தபோது கை நின்றது. மாமியார் அங்கே தவறிப்போயிருந்தார். இரண்டாம் சரணத்தை விட்டுவிட்டு மூன்றாம் சரணத்தின் முதல் அடியை, 'வாளெடுத்த கையாலே வாரிக்கொள்ள வந்தேனே' என்று எடுத்துக் கொடுத்திருந்தார். மாமனாரோ அதைக் காதிலேயே வாங்காமல், 'கொள்ளு தின்ற வாயாலே கூப்பிட ஒரு சத்தமில்லை' என்று சரியான அடியைச் சாவகாசமாகப் பாடிக்கொண்டு போயிருந்தார்.

நாலு தடவை கேட்டான். சந்தேகமே இல்லை. மனுஷனுக்குப் பாட்டு மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது.

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமனார் மானமும் பிழைத்தது, மாமியார் பயமும் தீர்ந்தது, நாம் நல்ல பெயர் வாங்கப்போகிறோம் என்று கணக்குப் போட்டான். அந்த ஒரு கிசுகிசுப்பை மட்டும் துடைக்காமல் விட்டான். படித்தவன்தான், ஆனால் குடும்ப விஷயத்தில் பச்சைக் குழந்தை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாமனார் நடு நாற்காலியில், வேட்டி மடிப்புக் கலையாமல். பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணத்தில் அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். "குரலைப் பாரு, குரலை!" என்று தனக்குத் தானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டார். இரண்டாம் சரணம் வந்தது. அமைதிக்குள்ளிருந்து அந்தப் பெண்குரல் தெளிவாக எழுந்தது: 'வாளெடுத்த கையாலே...' ராஜா பாடினார்: 'கொள்ளு தின்ற வாயாலே...'

மாமியார் முதலில் மாப்பிள்ளையை முறைத்தார். அப்புறம் மெல்லத் திரும்பி மாமனாரைப் பார்த்தார். அந்தப் பார்வை நீண்டுகொண்டே போனது.

"நான் தப்பால்ல எடுத்துக் குடுத்திருக்கேன்?"

மாமனாருக்குத் திடீரென்று மேல்துண்டில் ஏதோ வேலை வந்துவிட்டது.

"நீங்க சரியா பாடியிருக்கீங்க."

"அது... ஏதோ வாய்க்கு வந்துது."

"வாய்க்கு வந்துதா? அப்ப உங்களுக்கு மறக்கவே இல்லையா?"

"நான்தான் தினம் சொல்றேனே, ஒரு சொல்லும் மறந்ததில்லேன்னு! நீதான் நம்பல" என்று மாமனார் அதிகாரமாக ஆரம்பித்தார். பாதியிலேயே குரல் கீழே இறங்கியது. "முதல் நாள் மட்டும் நிஜமாவே மறந்துது. நீ எடுத்துக் குடுத்தே. மறுநாள் ஞாபகம் இருந்துது. ஆனா நீ திரைக்குப் பக்கத்துல வந்து நின்னுட்டிருந்தே. ஞாபகம் இருக்குன்னு சொன்னா நீ தைக்கப் போயிடுவியே."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை நல்ல பெயரை வாங்கிக்கொள்ளத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கல்யாணம் ஆன பிறகாவது சொல்லியிருக்கலாமே?" என்றார் மாமியார்.

ராஜபார்ட் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "மறந்துட்டேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மாமியார் முகத்தில் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஏதோ ஒரு வெட்கமும் வந்து, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டன. கடைசியில் கோபமே ஜெயித்தது. "எனக்கு வந்த வேஷத்தை விட்டேங்க நான். ஒரே ஒரு பாட்டு. உங்களுக்கு யாரு எடுத்துக் குடுப்பாங்கன்னு விட்டேன்" என்றார். மாமனாருக்கு இந்தச் செய்தி புதிது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். அவருக்கு எடுத்துக் கொடுக்க அங்கே ஆளில்லை.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மாப்பிள்ளை, நான் சொன்னதையெல்லாம் திரும்ப உள்ள வைங்க. ஒண்ணு விடாம."

"என் மானம்?" என்றார் மாமனார்.

"நீங்கதான் மறக்கவே இல்லையே. எந்த மானம் போகுது?" என்றவர் மாடிப்படியில் கால் வைத்தார். "மெஷினைப் போடுங்க மாப்பிள்ளை. அந்தத் தோழி பாட்டு எனக்கு இன்னும் முழுசா வரும். ஏங்க, நீங்களும் வாங்க. வேலையிருக்கு."

மாடி அறையில் மைக்குக்கு முன்னால் அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். மாமனாரைக் கதவோரத்தில், வெளிச்சத்தம் வராமல் தொங்கவிட்டிருந்த கம்பளிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். 'பூக்கூடை சாஞ்சிருக்கு, போனவரைக் காணலையே' என்று முதல் அடியைப் பாடினார். குரல் கரகரத்தது, சுருதி பிசகவில்லை. பாடிவிட்டு நிறுத்தி மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன?" என்றார் மாமனார்.

"அடுத்த அடி."

"உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். எடுத்துக் குடுங்க."

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கணினித் திரையில் மும்முரமாக எதையோ தேடினான். வேறு வழியில்லாமல் மாமனார் குனிந்து, மேடையைக் கிடுகிடுக்க வைத்த அந்தக் குரலைச் சுருக்கிக் கிசுகிசுத்தார். அந்தக் காட்சியில் நின்றவர்தானே, ஒரு சொல்லும் மறந்திருக்கவில்லை. மாமியார் பாடினார். மறுபடி நிறுத்தினார். மறுபடி அவர் கிசுகிசுத்தார். மாப்பிள்ளை சத்தம் போடாமல் இன்னொரு மைக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

முதல் சரணம் முடிவதற்குள் மாமனாருக்கு முழங்கால் வலித்தது. ஓரமாக இருந்த முக்காலியைக் காலால் மெல்ல இழுத்தார்.

"உட்காரக் கூடாது" என்றார் மாமியார், திரும்பிப் பார்க்காமலே. "நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்ல."

ராஜபார்ட் முக்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். தோழியின் பாட்டு எவ்வளவு நீளம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.